வளையத்துக்குள் குதிரை

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் சின்ன மரக்குதிரையைப் பார்த்தால், யாரோ ஒரு கட்டையை எடுத்துக் குதிரையாகச் செதுக்கியிருக்கிறார் என்றுதான் நினைப்போம். ஸைஃபனில் அப்படியில்லை. அங்கே முதலில் ஒரு வளையத்தைக் கடைகிறார்கள். அந்த வளையத்தைப் பிளந்தால் குதிரைகள் வரிசையாக வெளியே வருகின்றன.

ஸைஃபன், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் செக் நாட்டு எல்லையை ஒட்டிய மலைக்கிராமம். எர்ட்ஸ்கெபிர்கெ மலைத்தொடரில் இருக்கிறது. கெம்னிட்ஸ் நகரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். அவர் இல்லையென்றால் அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது. ரயிலில் ஓல்பர்ன்ஹவு வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். நவம்பர் கடைசி. மாலை நான்கரைக்கே இருட்டிவிட்டது. பஸ் வளைந்து வளைந்து ஏற, வழியெல்லாம் வீட்டு ஜன்னல்களில் அரைவட்ட மர வளைவுகள் மேல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1973இல் திறந்த இடம். பழைய தொழிலாளர் வீடுகளையும் பட்டறைகளையும் அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் கடைசல் பட்டறை. உள்ளே நுழைந்ததும் பச்சை மரத்தின் வாசனை மூக்கில் ஏறியது. ஸ்ப்ரூஸ் மரத்தை வட்டம் வட்டமாக அறுத்து, காயவிடாமல் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்கள். காய்ந்த மரத்தில் இந்த வேலை ஓடாது, உளி பிடித்தால் சிராய் பெயர்ந்துவிடும் என்றார் கடைசல்காரர்.

ஓர் ஈரவட்டத்தை எடுத்துக் கடைசல் எந்திரத்தில் அடித்து மாட்டினார். நீளப் பிடி போட்ட உளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உடம்பையே சாய்த்து அழுத்தினார். சீவல் சுருள் சுருளாகக் கிளம்பி அவர் தோளிலும் தொப்பியிலும் ஈரமாக ஒட்டிக்கொண்டது. முதலில் ஒரு முகத்தில் வயிற்றுப் பள்ளமும் கால்களும் கடைந்தார். பிறகு வட்டத்தைத் திருப்பி மாட்டி, மறுமுகத்தில் முதுகு, கழுத்து, தலை. உளியை அடிக்கடி மாற்றினார். பள்ளத்துக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று, கழுத்து வளைவுக்கு ஒன்று. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சுழலும் வட்டத்தில் மேடும் பள்ளமுமான கோடுகள்தான். குதிரை எங்கேயும் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. வளையத்தின் குறுக்குவெட்டில்தான் குதிரையின் உருவம் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் வளையத்தை உடைத்தாக வேண்டும்.

"எப்படித்தான் தெரியும்னு கேளுங்களேன்" என்று நண்பரிடம் சொன்னேன்.

கேட்டுவிட்டுத் திரும்பினார். "கைக்குத் தெரியும்னு சொல்றாருங்க. வேற விளக்கம் அவர்கிட்ட இல்லையாம்."

கடைந்து முடித்த வளையத்தை மேசையில் வைத்து, கத்தியை விளிம்பில் ஊன்றி, மேலே லேசாக ஒரு தட்டு தட்டினார். ஒரு துண்டு பிளந்து விழுந்தது. நான்கு கால், வளைந்த கழுத்து, நிமிர்ந்த தலை என்று முழுக் குதிரை. இன்னொரு தட்டு, இன்னொரு குதிரை. பலாச்சுளை உரிவதுபோல் வளையம் முழுவதும் குதிரைகளாகக் கழன்றுகொண்டே வந்தது. அளவைப் பொறுத்து ஒரு வளையத்தில் சுமார் 60 உருவங்கள் தேறும். மரத்தின் நார் காலின் நீளத்துக்கே ஓடுவதால் மெலிந்த கால்கள்கூட எளிதில் ஒடிவதில்லை. மரத்தைக் குறுக்கே அறுத்து வட்டமாக்குவதன் சூட்சுமம் இதுதான். இந்த வித்தை 1800ஆம் ஆண்டு வாக்கில் இந்த வட்டாரத்தில் உருவானது. இன்று இதைச் செய்யத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இத்தனை விரைவாக உருவங்கள் செய்ய வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதில்தான் இந்த ஊரின் கதை இருக்கிறது. ஸைஃபன் அடிப்படையில் வெள்ளீயச் சுரங்க ஊர். தாது குறையக் குறைய, சுரங்கத் தொழிலாளர்கள் வயிற்றுப்பாட்டுக்கு மரம் கடையத் தொடங்கினார்கள். தாது இடிக்கும் எந்திரங்களை ஓட்டிய மலையோடைத் தண்ணீரே கடைசல் எந்திரங்களையும் ஓட்டியது. முதலில் தட்டு, பொத்தான், நூற்கதிர் என்று செய்தார்கள். பொம்மை பிறகுதான் வந்தது. 1849இல் சுரங்கம் மூடியபோது ஊர் முழுக்க மரத்தை நம்பியே நின்றது.

சுரங்கம் போனாலும் சுரங்கக்காரனின் ஏக்கம் போகவில்லை. குளிர்காலத்தில் விடியுமுன் பூமிக்குள் இறங்கி, இருட்டிய பிறகு மேலே வருகிறவனுக்கு வெளிச்சம்தான் பெரிய ஆசை. அதனால்தான் இங்கே செய்கிற பண்டிகைப் பொருள்கள் பலவற்றில் விளக்கு இருக்கிறது. மெழுகுவத்தி ஏந்திய தேவதையையும் சுரங்கத் தொழிலாளியையும் ஜோடியாக ஜன்னலில் வைப்பார்கள். வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் ஒரு தேவதை, ஆண்பிள்ளைக்கு ஒரு தொழிலாளி. பஸ்ஸிலிருந்து பார்த்த வளைவு விளக்கின் மூதாதை, 1740 என்று ஆண்டு பொறித்த இரும்பு வளைவு. இதே மலைத்தொடரிலுள்ள யோஹான்ஜார்ஜன்ஷ்டட் என்ற சுரங்க ஊரைச் சேர்ந்தது. உலகமெங்கும் தெரிந்த, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ராஜா வேஷத்து பாக்குவெட்டி பொம்மையும் (அவர்களுக்குப் பாக்கில்லை, கொட்டை உடைப்பது) இந்த ஊர் வில்ஹெல்ம் ஃபியூக்ட்னர் 1870 வாக்கில் கடைந்ததுதான்.

அன்று மத்தியானம் ஒரு வீட்டுக்குப் போனோம். கீழே பட்டறை, மேலே குடித்தனம். மரத்தில் தொங்கவிடும் சின்ன உருவங்களைச் செய்கிற அம்மையாருக்கு அறுபதுக்கு மேலிருக்கும். பிளந்த குதிரை அவரிடம் வரும்போது ஆப்பு மாதிரி இருக்கும். வளையத்தின் வெளிப்பக்கம் தடிமனாகவும் உட்பக்கம் மெலிந்தும் இருப்பதால் வருகிற வடிவம் அது. சின்னக் கத்தியால் அதன் கூர்முனைகளை உருட்டினார். விலாவில் இரண்டு சீவல், கழுத்தில் ஒன்று, கால்களுக்கிடையில் ஒரு கீறல். கத்தியைத் தள்ளவேயில்லை, கட்டைவிரலை அணைகொடுத்துத் தன் பக்கமாகவே இழுத்தார். பிறகு துளி பசை தொட்டு, அரிசி முனையளவு காதுகள் இரண்டை ஒட்டினார். வால் ஒட்டினார். சாயத்தில் முக்கிக் காயவைத்த குதிரைகள் தனித் தட்டில் இருந்தன. கண் வைக்க அவர் தூரிகை எடுக்கவில்லை. கூரான குச்சியைக் கறுப்பில் தொட்டார். இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. மரத்துண்டு அந்தக் கணத்தில் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"சின்ன வயசுல காது ஒட்டுறது என் வேலை. அம்மா கத்தி பிடிப்பாங்க. ராத்திரி சாப்பாட்டு மேசையிலதான் வேலை நடக்கும்" என்று அவர் சொன்னதாக நண்பர் தமிழில் சொன்னார்.

அவர் சொன்னது மென்மையான நினைவு. அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு அது அப்படியிருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அப்பா கடைய, அம்மா சீவ, பிள்ளைகள் ஒட்டவும் வண்ணம் பூசவும் செய்தால்தான் அந்த வீடுகளில் அடுப்பெரியும். மொத்த வியாபாரிகள் 60 உருப்படிக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்கினார்கள். இப்படிச் செய்த விலங்குகளையெல்லாம் அடக்கிய நோவாவின் பேழைகள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. ஞாயிற்றுக்கிழமையில்கூட விளையாட அனுமதி கிடைத்த பொம்மை என்று ஆங்கிலேய வீடுகளில் அதற்குத் தனி மரியாதை. அதைச் செய்த பிள்ளைகளுக்கு விளையாட நேரமிருக்கவில்லை. ஊர்ப் பொம்மை அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய பேழைகள் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். விரல் நகமளவு ஆடு, மாடு, யானை, அத்தனைக்கும் வண்ணம். எந்தச் சின்னக் கை செய்தது என்று எந்தப் பலகையிலும் எழுத வழியில்லை.

கிழக்கு ஜெர்மனிக் காலத்தில், எஞ்சியிருந்த தனியார் தொழிற்கூடங்களில் பெரும்பாலானவற்றை 1972இல் அரசு எடுத்துக்கொண்டது. சரக்கு அந்நியச் செலாவணிக்காக வெளிநாட்டுக்குப் போனது. "இந்த ஊர்ல இருந்துகிட்டே இதை வாங்க முடியாது அப்போ" என்றார் அம்மையார். 1990க்குப் பிறகு பட்டறைகள் மறுபடி குடும்பங்களின் கைக்கு வந்தன. கூடவே ஆசிய நாடுகளிலிருந்து மலிவான நகல்களும் வந்து இறங்கின.

தெருவின் கோடியில் ஓர் இளைஞர் லிண்டன் மரக்குச்சியில் சுருள்மரம் செய்வதையும் பார்த்தேன். உளியால் மெல்லிய சீவலைத் தள்ளிக்கொண்டே போய், அறுந்து விழும் முன் நிறுத்திவிடுகிறார். சீவல் சுருண்டு மரத்திலேயே ஒட்டி நிற்கிறது. குச்சியைக் கொஞ்சம் திருப்பி அடுத்த சுருள். அடுக்கடுக்காக மேலே ஏறிப் போனால் இலையெல்லாம் சுருண்ட ஒரு குட்டி மரம். பசை கிடையாது, ஆணி கிடையாது. மரப்பொம்மை செய்வது ஜெர்மனியில் முறையான தொழில். மூன்று ஆண்டுப் பயிற்சி, இந்த ஊரிலேயே பள்ளி. அவர் அங்கே படித்தவர்.

கடைத்தெருவில் ஒரு தம்பதி, உள்ளங்கைக்குள் அடங்கும் தேவதையின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியபடி திருப்பி வைத்தார்கள். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பொருள் மலிவாகக் கிடைத்த காலத்தில், அதன் மீதி விலையை ஆறு வயதுப் பிள்ளைகள் தூக்கத்தில் கொடுத்தார்கள். இன்று அதைப் படித்த, வயதுவந்த ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு செய்கிறார். அதற்கான விலை இது. என்னைக் கேட்டால் இந்தப் பொம்மைக்கு இருநூறு ஆண்டுகளில் கிடைத்த நியாயமான விலை இதுதான்.

ஸைஃபனுக்குப் போகிறவர்கள் கடைத்தெருவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைசல் பட்டறைக்குப் போய், ஒரு வளையம் பிளக்கும் வரை நின்று பாருங்கள். பிறகு பேரம் பேசாமல் ஒன்றே ஒன்று வாங்குங்கள், அது போதும்.