மசுந்தேயில் மூன்று நாள்

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கரையில் இருக்கிற சின்ன ஊர் மசுந்தே. ஓலைக்கூரைகள், கயிற்றுத் தூளிகள், விடியலில் அலைச்சத்தம் மட்டும்.

ஒருகாலத்தில் இந்தக் கரையின் பிழைப்பே கடலாமை வேட்டைதான். இறைச்சிக்கும் தோலுக்கும் ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். 1990இல் அரசு தடைபோட்டது. தொழில் போன மக்கள் சுற்றுலாவுக்கு மாறினார்கள். கூட்டுறவு அமைத்துச் சோப்பும் தைலமும் செய்தார்கள். ஆமை பிழைத்ததில் அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலையும் இருக்கிறது. அதை மறக்க எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் புந்தா கொமேத்தா முனையில் சூரியன் இறங்கும்வரை நின்றேன். இந்தக் கடற்கரைக்கு முட்டையிட வருவதும் பங்குனி ஆமைதான், நம் சென்னைக் கரைக்கு வரும் அதே இனம். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் பெசன்ட் நகர் மணலில் நடப்பவர்களே, தயவுசெய்து டார்ச் அடிக்காதீர்கள்; முட்டையிடக் கரையேறும் ஆமை வெளிச்சத்தில் மிரளும்.