வண்டிக்குப் பின்னால் ஒரு வண்டி

மலைக்குப் போவது என்று வீட்டில் தீர்மானமானதும் நாம் மூட்டை கட்டுவதில் முனைந்துவிடுகிறோம். எந்த வழியாகப் போவது என்பது 'அவர்' பொறுப்பு. அவரோ அதைக் கைப்பேசிக்குள்ளிருந்து பேசும் பெண்மணியிடம் ஒப்படைத்துவிடுகிறார்! சாதாரணப் பிரயாணமானால் பாதகமில்லை. ஆனால் கூடாரம், அடுப்பு, மெத்தை சகிதம் காருக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லரை மாட்டி இழுத்துக்கொண்டு வத்தல்மலைக்குக் கிளம்புவதானால், நேயர்களே, அந்த அம்மணியின் பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வண்டி உருண்டு வருவது அவளுக்குத் தெரியாது.

சென்னையிலிருந்து தர்மபுரி சுமார் 300 கிலோமீட்டர். அங்கிருந்து வத்தல்மலை ஏறக்குறைய 25 கிலோமீட்டர். தர்மபுரி வரை மூன்று வழிகள் உண்டு. செஞ்சிக் கோட்டையையும் திருவண்ணாமலையையும் பார்த்துக்கொண்டே அரூர் வழியாகப் போகலாம். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பெரும்பாலும் இருவழிச் சாலை. முன்னால் போகும் லாரியை முந்துவதற்கு, ட்ரெய்லருடன் போகிறவருக்கு இரட்டிப்பு இடம் வேண்டும். இரட்டிப்புப் பொறுமையும் வேண்டும்.

காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று போவது இன்னொரு வழி. அகன்ற சாலை, எதிர்வரும் வண்டிகளுக்குத் தனிப்பாதை. கடற்கரையிலிருந்து கிருஷ்ணகிரி வரை நிலம் மெல்ல மெல்லத்தான் உயர்கிறது. என் ஓட்டு இதற்கே.

மூன்றாவது, உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர், சேலம் வழி. போகும்போது இதில் போனாலும் போகலாம். வினை திரும்பும்போதுதான் வரும். "வந்ததே வந்தோம், சேலம் வழியாகத் திரும்பி ஏற்காட்டையும் பார்த்துவிடலாமே!" என்று சொல்லத் தோன்றும். தயவு செய்து சொல்லாதீர்கள். நடுவில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது.

தர்மபுரி மேட்டில் இருக்கிறது, சேலம் பள்ளத்தில். சேலத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தொப்பூர் ஏற்றம். சேலத்துக்குப் போகிறவர்களுக்கு இறக்கம். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்திருக்கின்றன. 2020 டிசம்பரில் ஒரு விபத்து, 2024 ஜனவரியில் ஒரு விபத்து. ஒவ்வொன்றிலும் நான்கு உயிர்கள்.

காரணம் எளிது. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். சிறிய ட்ரெய்லர்கள் பலவற்றுக்குச் சொந்தப் பிரேக்கே கிடையாது. அதன் பாரம் முழுவதும் காரை முன்னே தள்ளும். இரண்டையும் கார் ஒன்றே தாங்க வேண்டும். தவிர்க்க முடியாமல் இறங்க நேர்ந்தால், இறக்கம் தொடங்கு முன்பே தாழ்ந்த கியருக்கு மாறிவிட வேண்டும். பாதியில் மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

மூட்டை அடுக்குவது நம் கையில் இருப்பதால் இன்னொன்று. கனமான சாமான்கள் ட்ரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின்கோடியில் அரிசி மூட்டையைப் போட்டால், வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடும். மாற்றுச் சக்கரமும் மறக்கக்கூடாது. காரின் சக்கரம் ட்ரெய்லருக்குப் பொருந்தாமல் போகலாம்; அதற்கென்று தனியாக ஒன்று வேண்டும். இது புதிய யோசனை அல்ல. தர்மபுரிதான் பழைய தகடூர். அந்த அதியமானின் மகன் பொகுட்டெழினியை, உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டியிருக்கும் மாற்று அச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடியது புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. மேடோ பள்ளமோ, பாரம் ஏற்றிய வண்டிக்கு என்ன நேருமென்று யாருக்குத் தெரியும் என்பதுதான் அந்த வணிகர்களின் கவலை. கிழவியின் பார்வைக்கு எது தப்பியது!

இவ்வளவு பாடுபட்டு இழுத்து வந்த ட்ரெய்லரை வத்தல்மலையின் அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். மேலே கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கும் அதிகம். வளைவில் ட்ரெய்லர் காரின் தடத்தில் வராது. உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும். எதிரே பஸ் வந்தால் பின்னால் நகர்வதும் பெரும்பாடு. தார்ச்சாலை வரும் முன் இங்குள்ள மலையாளி மக்கள் நோயாளியைக்கூடத் தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கினார்கள். அவர்களுடைய பாதையை மறித்து நிற்பது அழகல்ல.

கூடாரத்தைக் காருக்குள் மாற்றிக்கொண்டு ஏறுங்கள். மேலே மிளகுக் கொடியும் காப்பித் தோட்டமும் இருக்கின்றன. வாங்கும் காப்பிக் கொட்டையை மடியில் வைத்துக்கொண்டு இறங்கலாம். அப்போதும் தாழ்ந்த கியர்தான்.