உயர மறுத்த கரம்

திருப்பலியிலே குருவின் கரங்களுக்கு எத்துணை வேலை உண்டு என்பதை, அவை செவ்வையாக இயங்கும் வரையில் குருவே எண்ணிப் பார்ப்பதில்லை. மன்றாட்டின்போது கரங்களை விரித்து உயர்த்த வேண்டும். அப்பத்தையும் கிண்ணத்தையும் மக்கள் காண ஏந்திக் காட்ட வேண்டும். திருவுடை அணிவதற்கே கைகள் தலைக்குமேல் செல்ல வேண்டும். சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் என் இடக்கரம் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கிற்று. முதலில் நின்றுபோனது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறமாகத் திருப்பும் அசைவு. கைவிரித்து மன்றாடுவதற்கு வேண்டிய அசைவும் அதுதானே! உயிர்ப்புப் பெருவிழாவுக்குள் கை தோளுக்குமேல் எழவில்லை. கிண்ணத்தை வலக்கையால் மட்டுமே உயர்த்தினேன். இரவில் இடப்புறம் ஒருக்களித்தால், தோளில் யாரோ ஆணி அறைவது போன்ற வலி.

இடத்தோள் என்றதும் இருதயமோ என்று எங்கள் உபதேசியார் அஞ்சினார். அவர் அச்சம் தவறன்று. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில வேளை நெஞ்சுவலி இன்றியே வரும். தோள்வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சில் பாரம் எவையேனும் தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். என் நிலை அதுவன்று. மருத்துவர் என் கையைத் தாமே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அவர் தூக்கியும் கை எழவில்லை. எக்ஸ்ரே படத்திலோ குறையொன்றும் இல்லை. “எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை, ஃபாதர்?” என்பதே அவர் கேட்ட அடுத்த கேள்வி. பதினோர் ஆண்டுகள் என்றேன். அவர் வியப்படையவில்லை.

தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய பை போன்ற உறை ஒன்று உண்டு. அது அழற்சியுற்றுத் தடித்துச் சுருங்கிவிடுவதே இந்நோய். 1934 இல் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன் என்பவர் இதற்கு ‘உறைந்த தோள்’ என்று பெயரிட்டார். பொதுமக்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருவதாகச் சொல்லப்படும் இது, நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேரைப் பற்றுகிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, உறையையும் தசைநாண்களையும் ஆக்கியிருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குவது ஒரு காரணம் என்பர். இதே விறைப்பு விரல்களிலும் வரலாம். அப்போது இரு உள்ளங்கைகளையும் இடைவெளியின்றிச் சேர்த்துக் கும்பிட இயலாது. மருத்துவர்கள் இதற்கு ‘செப அடையாளம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! அன்றிரவு என் கைகளைக் குவித்துப் பார்த்தேன், நல்லவேளை, சேர்ந்தன.

காடாம்புலியூர்ப் பக்கத்தில் சர்க்கரை நோயோடு குருவாக இருப்பது எளிதன்று. பண்ணுருட்டிப் பலா பழுக்கும் பருவத்தில், முதற்கனியைச் சாமிக்கு என்று கொண்டுவந்து வாசலில் வைக்கும் அன்பை எப்படி மறுப்பது? வாங்கிப் பீடச் சிறுவர்களுக்குப் பகிர்ந்துவிடுகிறேன். அவர்கள் எண்ணிக்கை அம்மாதங்களில் மட்டும் பெருகுவதையும் கவனித்திருக்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது என் தோளைப் பற்றி மட்டுமன்று. ஒரு ஞாயிறு, முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்யும் ஒரு தாய், திருப்பலிக்குப் பின் தயங்கி நின்றார். “சாமி, உங்களுக்கு வந்தது எனக்கும் இருக்குது. ஏழெட்டு மாசமா தலை பின்ன முடியலை, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியலை. மகள்தான் செய்யறா. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகலை, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன்” என்றார். சர்க்கரை பார்த்ததுண்டா என்றேன். இல்லை.

நோவை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது நம் குடும்பங்களில் தலைமுறைகளாக வளர்ந்த அரிய பக்தி. அதை எள்ளளவும் குறைத்துப் பேச மாட்டேன். எனினும் தீர்க்கக்கூடிய நோவைத் தீர்க்காமல் வைத்துக்கொண்டு ஒப்புக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. பெண்களே பெரும்பாலும் இப்படிச் செய்வதால் சற்று உரக்கவே சொல்கிறேன். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றி 1984 இல் எழுதிய திருமடலின் இறுதிப் பகுதியிலே நல்ல சமாரியரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்தச் சமாரியர் காயத்துக்கு எண்ணெய் வார்த்தார், கட்டினார், சத்திரக்காரருக்குப் பணமும் கொடுத்தார். காயத்தை ஒப்புக்கொடு என்று சொல்லிவிட்டு அவர் நடக்கவில்லை. சீராக் ஆகமத்தின் 38 ஆம் அதிகாரமோ மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருத்துவம் பார்த்த பின்னும் எஞ்சும் வலி ஏராளம். ஒப்புக்கொடுக்க அது போதும்.

அந்தத் தாய் மறுவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றார். வெறும் வயிற்றில் 126 இருந்தாலே நீரிழிவு என்பர். அவருக்கு இருநூற்றைத் தாண்டியிருந்தது. தோள் இறுகியிராவிட்டால் அது இன்னும் எத்தனை ஆண்டுகள் மறைந்திருக்குமோ! நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டென்று 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறிற்று. ஆகவே காரணமின்றித் தோள் இறுகியவர் எவராயினும் முதலில் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.

இனி மருத்துவம். நோய் தானாகவே மெல்ல மெல்ல இளகும். ஆனால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம், நீரிழிவு உள்ளவர்க்குச் சற்றுக் கூடுதலாகவும் ஆகும். கையை அசையாமல் தொங்கவிட்டுக் காப்பதும் தவறு, கட்டு வைத்தியரிடம் சென்று வெடுக்கென இழுக்கச் செய்வது அதனினும் பெருந்தவறு. கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கினால் சிறுநீரகம் கெடும். சர்க்கரை நோயினர் அதற்கு இருமடங்கு அஞ்ச வேண்டும். எனக்கு மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். வலி தணிந்தது, ஆனால் அடுத்த சில நாள்கள் சர்க்கரை ஏறும் என்று முன்னரே எச்சரித்து, தினமும் சோதிக்கச் சொன்னார்கள். ஏறத்தான் செய்தது.

இயன்முறை மருத்துவர் கற்பித்த முதற்பயிற்சி காட்மன் பெயரால் வழங்குவது: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோயுற்ற கையைத் தளரத் தொங்கவிட்டு ஆட்டுதல். தூபக்கலசத்தை ஆட்டிப் பழகியவனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அடுத்தது, கப்பியில் கயிறு மாட்டி நல்ல கையால் மற்றதைத் தூக்குதல். கிணற்றில் நீர் இறைத்த நம் பாட்டிமார் இதை அறியாமலே நாள்தோறும் செய்தனர். ஆடை அணியும்போது நோயுற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதையே கடைசியாக எடுக்க வேண்டும். இச்சிறு உபாயம் எனக்குத் திருவுடை அறையிலே எத்தனையோ முனகல்களை மிச்சப்படுத்திற்று.

உதவி பெறக் கூசுவோர் யாத்திராகமம் 17 ஆம் அதிகாரத்தை வாசிக்கலாம். மோயீசனின் கைகள் தளர்ந்தபோது, ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று தாங்கினர். மோயீசன் வேண்டாமென்று சொன்னதாக அங்கே இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்திலே சர்க்கரை மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. இதைக் கேட்டறியுமாறு அந்தத் தாயிடம் சொல்லியிருக்கிறேன். பேருந்தேறிச் செல்லும் நாளெல்லாம் அவருக்குக் கூலி இழப்பன்றோ? இதற்கிடையில் சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சியை அவர் மகளுக்குக் காட்டிக்கொடுத்தேன். என் அறைச் சுவரிலும் பதினைந்து மாதக் கரிக்கோட்டுக் குறிகள் இருக்கின்றன. கடைசிக் குறி சாளரத்தின் மேல்விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கிறது.