செஞ்சிக் கோட்டை ஏறப் போறீங்களா? ஒரு நிமிஷம்

செஞ்சிக்குக் கிளம்புறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க. கொஞ்சம் நீளமான த்ரெட்.

இங்கிலாந்தின் நார்விச்சில், மேட்டின் மேல் நார்மன் காலக் கோட்டை ஒன்று இருக்கு. பிறகு சிறைச்சாலையாகி, 1894 முதல் அருங்காட்சியகம். பாடம் செய்த பறவைகள், விலங்குகள் எல்லாம் உள்ளே. செஞ்சியில் கண்ணாடிப் பெட்டியே வேணாம், மலையே காட்சிப்பொருள்!

ராஜகிரி சுமார் 800 அடி. தேசிங்கு ராஜா கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா நாம மிதிக்கிற பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி வயசு. யாரோ அடுக்கி வெச்ச மாதிரி நிக்கிற உருண்டைப் பாறைகள், விரிசல் வழியா இறங்கிய மழைநீர் மூலைகளை அரிச்சு அரிச்சு ஆக்கியவை.

அரிச்சது எங்கே போச்சு? இந்த மாதிரிப் பாறைகளிலிருந்து கரைந்த சோடியம்தான் ஆறுகள் வழியா கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. மரக்காணம் உப்பளத்துல வெயில்ல காய்ச்சி எடுக்கிறோமே, அதேதான். நான் தினமும் பிபி நோயாளிகள்கிட்ட "குறைங்க" என்று கெஞ்சுவதும் அதைத்தான்.

எக்கியார்குப்பத்திலிருந்து வரும் உப்பளத் தொழிலாளி ஒருவர், 58 வயசு, சுகர் உண்டு. "பேத்தி கூப்பிடுது, செஞ்சி ஏறலாமா சார்?" என்றார்.

"உப்புக் கூடை தூக்கறப்ப எப்படி இருக்குண்ணே?"

"கொஞ்ச நாளா பாதியிலயே மூச்சு வாங்குது, வேர்த்துக் கொட்டுது. வலியெல்லாம் இல்ல சார்."

அந்த "வலி இல்ல"தான் பயம். சுகர் நரம்பைப் பாதிச்சிருந்தா இதய அடைப்பு வலி காட்டாமலே இருக்கலாம். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இசிஜியும் நார்மல். ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வெச்சாச்சு, மலை இப்போதைக்கு இல்லை.

உங்களுக்கும் படி ஏறும்போது புதுசா மூச்சுத் திணறல், வியர்வை, தாடை இறுக்கம் இருந்தா, முதல்ல டாக்டர், அப்புறம் செஞ்சி. மற்றவங்க காலையிலேயே ஏறுங்க. பேசிக்கிட்டே ஏற முடியலைன்னா நின்னு பாறையைப் பாருங்க. முடியாதவங்க கீழேயே கல்யாண மஹால், நெற்களஞ்சியம், குளங்களைப் பார்க்கலாம்.

அவரும் பேத்தியும் மூணு மாசம் கழிச்சு திருவக்கரை போனாங்க. இதே மாவட்டம், சமதளம். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னால வெள்ளம் அடிச்சுட்டு வந்து மண்ணில் புதைச்ச மரங்கள், நார் நாரா வரி தெரிய, கல்லாக் கிடக்கும். தொட்டுப் பாருங்க. துண்டு எதையும் எடுத்துட்டு மட்டும் வராதீங்க, பாதுகாக்கப்பட்ட இடம்.