புது மண்டபத்துத் தையல்காரர்

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே இருப்பது புது மண்டபம். பெயர்தான் புதிது! கட்டியவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர். சுவாமிக்கு வசந்த விழா நடத்துவதற்காகக் கட்டியது. உள்ளே கரும்பு தின்னும் கல்யானை உண்டு, கயிலையைத் தூக்கும் ராவணன் உண்டு, நாயக்க மன்னர்கள் வரிசையாகக் கை கூப்பி நிற்பார்கள். ஆனால் மதுரைப் பெண்மணிகளைக் கேட்டுப் பாருங்கள், சிற்பத்தைச் சொல்ல மாட்டார்கள். "ரவிக்கை தைக்கக் குடுக்கிற இடமாச்சே!" என்பார்கள். பல தலைமுறைகளாக அங்கே தூணுக்குத் தூண் ஒரு தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணியைக் கொடுத்துவிட்டு, அம்மனைத் தரிசித்து, வளையல் பாத்திரம் எல்லாம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் ரவிக்கை தயாராக இருக்கும்.

அந்தத் தூண்களில் ஒன்றின் அடியில் என் தாத்தாவும் உட்கார்ந்திருந்தாரா என்று தெரிந்துகொள்ளத்தான் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் "ஜவுளித் தொழில்" என்று ஒரே பதில்தான் வரும். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்பா காலமான பிறகு டிரங்குப் பெட்டியைப் பிரித்தபோது 1938-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் தாத்தாவின் பெயரை அடுத்து, "தையல் ஜீவனம்" என்று பளிச்சென்று எழுதியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டிசைன் போடுகிற என் மகளுக்குக் கோபமே வந்துவிட்டது. "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லாம மறைச்சாங்க? எனக்குப் பெருமையாத்தானே இருக்கும்!" என்றாள்.

உங்கள் வீட்டிலும் பழைய பத்திரங்கள் இருந்தால், சகோதரிகளே, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பத்திரங்களில் தகப்பனார் பெயர், குடியிருந்த தெரு, செய்த ஜீவனம் எல்லாம் இருக்கும். அசல் தொலைந்துபோனாலும் பத்திர நம்பரும் வருஷமும் தெரிந்தால் பதிவு அலுவலகத்தில் நகல் கேட்டு மனுப் போடலாம்.

எங்களுக்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. மதுரையில் அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கும் சிங்கர் கால் மிஷின். மிஷினின் அடித்தட்டில் வலது பக்க ஓரமாக ஒரு நம்பர் பொறித்திருக்கும். எங்கள் மிஷினில் 'ஒய்' என்ற ஆங்கில எழுத்தில் அது ஆரம்பிக்கிறது. அப்படி என்றால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரிலிருந்த சிங்கர் தொழிற்சாலையில், 1920-களிலோ 1930-களின் தொடக்கத்திலோ செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. மிஷினோ எண்ணெய் விட்டால் இன்றைக்கும் ஓடுகிறது!

புது மண்டபத்துக்குப் போனால் ஒரு மிஷின்கூட இல்லை. கடைகளை எல்லாம் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கல்யானையும் ராவணனும் மூச்சுவிட இடம் கிடைத்தது நல்லதுதான். ஆனாலும் அந்த டக டக சத்தம் இல்லாத மண்டபத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

சத்திரத்தில் விசாரித்து, வயதான ஒரு தையற்கார பாயைக் கண்டுபிடித்தேன். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். சற்று யோசித்துத் தலையாட்டினார்.

"எனக்குத் தெரியலம்மா. எங்க அத்தா இருந்திருந்தா சொல்லியிருப்பாக. நீங்க உக்காருங்க, டீ சொல்றேன்."

உட்கார்ந்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கடை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துணி. அழகர் மலையிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வந்து, சித்ரா பௌர்ணமியன்று வைகை ஆற்றில் இறங்குகிறார் அல்லவா? அப்போது அவருக்குத் தண்ணீர் பீய்ச்சவும் திரி ஏந்தி ஆடவும் நேர்ந்துகொண்டவர்கள் உடுத்தும் உடை இது. முழங்கால் வரை வரும் சல்லடம், இடுப்பில் கட்டும் கச்சை, தலைக்கு உருமால். எல்லாவற்றிலும் சரிகையும் ஜிகினாவும் மின்னும். குழந்தை பிறந்தால் அழகர் வேஷம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்ட தாய்மார்கள், இடுப்புக் குழந்தையோடு அளவு கொடுக்க வருவார்களாம். இன்னொரு பக்கம் தேருக்குத் தொம்பை, அம்மனுக்குப் பாவாடை. ஒரு முஸ்லிம் பெரியவர் அழகர் உடையைத் தைப்பதை மதுரையில் யாரும் அதிசயமாக நினைப்பதில்லை.

"2020-லயும் 2021-லயும் கொரோனானால ஜனமே இல்லாம திருவிழா நடந்துச்சு. தச்சு வச்சதெல்லாம் மூட்டையாக் கெடந்துச்சும்மா" என்றார். "2022-ல ஆத்துல ஜனத்தப் பாத்தப்புறந்தான் உசுரு வந்துச்சு."

சின்னச் சல்லடம் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். உள்தையலில் இரண்டு விரற்கடைத் துணி மடித்து விட்டிருந்தது. பிள்ளை வளர்ந்தால் அடுத்த வருஷம் பிரித்து விடலாமே! நம் வீட்டுப் பாவாடை சட்டைக்கு இப்போது யார் இப்படித் தையல் விட்டுத் தருகிறார்கள்?

"மிஷின்ல ஓட்டுறதுதான் ஆம்பளைக வேல. காஜா எடுக்கிறது, எம்மிங், சரிகை வச்சுத் தைக்கிறது எல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குப் போயிரும். அம்மா, அக்கா, சம்சாரம், அவுகதான் ராத்திரி உக்காந்து முடிப்பாக. காலையில நாங்க தூக்கிட்டு வருவோம்."

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். தாத்தாவைத் தேடி வந்த எனக்கு அதுவரை அப்பத்தாவின் நினைப்பே வரவில்லை. பத்திரத்திலோ மிஷினிலோ அவள் பேச்சே இல்லையே!

நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு 86 வயது. சில நாள் நம்மை அடையாளம் தெரியும், சில நாள் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் தையல் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? சம்பந்தி வீட்ல ஜவுளின்னு சொல்லித்தான் எனக்குக் கலியாணமே முடிஞ்சுச்சு."

நான் வாதாடவில்லை. மிஷின் மேஜையின் இழுப்பறையைத் திறந்து சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். துருப்பிடித்த பாபின், அங்குல டேப் துண்டு, ஒரு விரல் கூடு. அவற்றோடு முழ நீளத்துக்கு முறுக்கிய வெள்ளை நூல் ஒன்று. அதில் வரிசையாக முடிச்சுகள். தூக்கிப் போடலாமா என்று பார்த்தபோது அத்தை சட்டென்று கை நீட்டினாள்.

"ஏய், அதக் குடு! அது அம்மா கணக்கு."

பிறகு கேட்காமலே எல்லாம் வந்தது. அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. ஒரு டஜன் காஜா முடிந்தால் நூலில் ஒரு முடிச்சு. சனிக்கிழமை தாத்தா முதலாளியிடம் முடிச்சை எண்ணிக் காட்டிக் கூலி வாங்கி வருவார். அன்றைக்கு ராத்திரி அப்பத்தா முடிச்சுகளை அவிழ்த்துவிடுவாள். அரிக்கேன் விளக்கில் தைத்துத் தைத்து, நாற்பது வயதுக்கு மேல் ஊசிக் காது தெரியாமல் போய்விட்டது. நாற்பதைத் தாண்டினால் நம் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான். ஒரு கண்ணாடி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதற்கு ஏது வழி? தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன் பத்து ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்திவிட்டுப் போவது அத்தையின் வேலையாம். "நூல் தீந்துபோச்சுன்னா பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூப்பிடும் பாவம்" என்றாள்.

நூலை விரலால் தடவித் தடவி எண்ணினாள். பதினேழு முடிச்சு.

"இது கூலி வாங்காத நூலு. வாங்கியிருந்தா அவுத்திருக்கும்" என்றாள்.

மகளுக்குப் போன் போட்டு அத்தையிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் அத்தை அவளுக்குக் காஜா எடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். முதலில் ஓரத்தைச் சுற்றி நூல் ஓட்ட வேண்டும், வளையத்துக்குள் ஊசியை விட்டு ஒவ்வொரு தையலையும் முடிந்து இழுக்க வேண்டும், ரொம்ப இழுத்தால் துணி சுருங்கும். சம்பந்தி வீட்டுப் பேச்சே வரவில்லை. அடுத்த மாதம் அழகரைப் பார்க்க மகளும் மதுரைக்கு வருகிறாள்.