மானுக்கு நாம் பட்ட கடன்

இங்கிலாந்தில் செம்மான் வேட்டைக்குத் துப்பாக்கி தெரிந்தெடுக்கிறவர்கள், "எந்தத் தோட்டா மிக வலியது?" என்றே என்னிடம் கேட்கிறார்கள். அந்நாட்டுச் சட்டம் 0.240 அங்குலக் காலிபரையும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலையும் குறைந்தபட்சமாக விதிக்கிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவே அதற்குத் தாராளமாய்ப் போதும். அதனிலும் பெரியது தோளைப் பலமாய் உதைக்கும். உதைக்கு அஞ்சுகிற விரல் விசையைப் பதறி இழுக்கும். குண்டு நெஞ்சைத் தப்பிக் குடலில் பாயும். மான் மணிக்கணக்காய்த் துடிக்கும்.

சைலன்சர் பொருத்தினால் உதை குறையும்; 160 டெசிபலைக் கடக்கும் முழக்கமும் ஏறக்குறைய 30 டெசிபல் தணியும். ஆயினும் ஒலியை முந்திச் செல்லும் குண்டின் வெடிப்போசை நிற்பதில்லை. ஆகையால் காதுகளை மூடிக்கொள்ளுங்கள்.

வலிமையை அல்ல, உங்கள் கை பதறாமல் தாங்கும் துப்பாக்கியையே தெரிந்துகொள்ளுங்கள். துடிக்கவிடாத சாவே அந்த உயிருக்கு நாம் பட்ட கடன்.