எந்தத் தண்ணீருக்கு?

மலேசியாவின் சபா மாநிலக் கிழக்குக் கரையில் செம்போர்னா ஊர் முடிகிற இடத்தில் கடலுக்குள் கால் ஊன்றிய மரவீடுகள் தொடங்கிவிடுகின்றன. அங்கே பலகைப் பாலம்தான் தெரு. அப்படியொரு வீட்டு வாசலில் கடலோடு வாழும் பஜாவ் இனத்து முதியவர் ஒருவர் மீன் துப்பாக்கிக்குக் கட்டை செதுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் சுருள் சுருளாக மரச்சீவல். எதிரே ஓர் இளைஞன், புதிதாக ஒன்று வேண்டுமென்று வந்தவன். நான் போய் உட்கார்ந்தபோது பேச்சு விலையில் இல்லை. “எந்தத் தண்ணீருக்கு?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மலாயில் நான் அவரை ‘பாக்சிக்’ (மாமா) என்று கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட வேண்டியிருந்தது. சிறுவயதிலிருந்து ஆழத்துக்குப் போய் வந்த பஜாவ் முக்குளிப்பவர்களில் பலருக்குச் செவிப்பறை கிழிந்திருக்கும். வயதான காலத்தில் காது மந்தமாகிவிடுகிறது.

பவளப்பார் மேலேயா, பார் முடிந்து கடல் சரேலென்று இறங்கும் விளிம்பிலா? இதற்குப் பதில் தெரியாமல் அவர் மரத்தைத் தொடுவதில்லை. பாருக்குள் களவாவும் சங்கராவும் பொந்துக்குப் பொந்து ஒளியும். அங்கே 75 முதல் 90 செ.மீ. துப்பாக்கியே கைக்கு அடங்கும். கலங்கிய தண்ணீருக்கும் அதுவே சரி, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு எய்ய நீளமான கட்டை எதற்கு? விளிம்பில் பாரையும் சீலாவும் எட்ட நின்றே ஓடும். அதற்கு 110, 120 செ.மீ. வேண்டும். ஆனால் நீளம் கூடக் கூட அதைப் பக்கவாட்டில் திருப்புவது பாடு. காற்றைப்போல 800 மடங்கு அடர்த்தியான தண்ணீர் கட்டையைப் பிடித்துக்கொள்கிறது. மீன் திரும்பிய பிறகும் துப்பாக்கி திரும்பிக்கொண்டே இருக்கும். முதல் துப்பாக்கி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நீளத்தைத்தான் கேட்கிறார்கள். போகிற தண்ணீரையும் அங்கே இருக்கிற மீனையும் சொல்லிக் கேட்பதே சரி என்பது அங்கே உட்கார்ந்திருந்த பொழுதில் எனக்கு உறுதிப்பட்டது.

இளைஞன் பாருக்குள் என்றான். முதியவர் ஏற்கெனவே உலர்த்தி வைத்திருந்த கட்டைகளில் ஒன்றை எடுத்துக் கண்ணோடு சேர்த்து நீளவாக்கில் பார்த்தார். பச்சை மரத்தில் செய்தால் சில மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். கட்டையின் முதுகில் ஈட்டி படுப்பதற்கு நேரான பள்ளம். ஈட்டி என்பது கடையில் வாங்கிய எஃகுக் கம்பிதான். அதை ஒரு சமப் பலகையில் உள்ளங்கையால் உருட்டினார். நேரான கம்பி சத்தமில்லாமல் ஓடுகிறது, கோணல் இருந்தால் டக் டக்கென்று தட்டுகிறது. தட்டிய இடத்தை விரல்நகத்தால் குறித்து, சுத்தியலால் செல்லமாக இரண்டு அடி, மறுபடி உருட்டல். சத்தம் அடங்கும்வரை விடவில்லை. காது மந்தமானவர் அந்தத் தட்டலை உள்ளங்கையில் கேட்கிறார் என்பது சற்றுப் பொறுத்துத்தான் எனக்கு விளங்கியது. பிறகு அரத்தை எடுத்தார். வால் பக்கம் விசை கவ்வ ஒரு வெட்டு, ரப்பர் மாட்ட இன்னொரு வெட்டு. முனைக்குப் பின்னால் மடங்கித் திறக்கும் சின்ன முள். அது கம்பியோடு ஒட்டிப் படுத்து மீனுக்குள் நுழையும், இழுத்தால் விரியும்.

ரப்பர் விஷயத்தில் இருவருக்கும் வாக்குவாதமே நடந்தது. இளைஞனுக்கு இரண்டு ஜோடி ரப்பர் வேண்டும். முதியவர் ஒன்று போதும் என்றார். ஓய்ந்து கிடக்கும் நீளத்தைப்போல மூன்றிலிருந்து மூன்றரை மடங்கு இழுபட வேண்டும், அதுதான் கணக்கு. முகப்பிலிருந்து வெட்டுவரை 90 செ.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 26 முதல் 30 செ.மீ. ரப்பர். அதற்கும் குறைத்து வெட்டினால் வேகம் ஏறுவதுபோலத் தோன்றும். ஆனால் 6.5 மி.மீ. கம்பி அந்த உதையைத் தாங்காமல் கிளம்பும்போதே நெளியும், முகப்பு மேலே எகிறும், குறி தவறும். இரண்டு ஜோடி மாட்டுவதென்றால் கம்பி தடிக்க வேண்டும், உதையை வாங்கிக்கொள்ள மரமும் கனக்க வேண்டும். அப்போது அது விளிம்புத் துப்பாக்கியாகிவிடும், பாருக்கு ஆகாது. குறி தவறிய ஈட்டி பவளத்தில் மோதி முனை மழுங்குவதும் பாருக்குள்தான். நான் முதியவர் பக்கம்.

மீன் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றுவது வேறு சங்கதி. முகக்கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். மூன்று மீட்டரில் நிற்பதுபோல் இருக்கும் களவா உண்மையில் நான்கு மீட்டரில் நிற்கிறது. எட்டாத மீனுக்கு எய்துவிட்டு ரப்பரைக் குறை சொல்கிறவர்கள் அதிகம். கிட்டே போகக் கற்றவனுக்கு ஒரு ஜோடி மிச்சம்.

கட்டையை வாசலிலிருந்தே கடலில் இறக்கிப் பார்த்தார்கள். ஈட்டியோடு இருக்கும்போது முகப்பு லேசாகத் தாழ வேண்டும், ஈட்டி போன பிறகு கட்டை தானாக மேலே வர வேண்டும். இதில் முகப்பு மிதந்தது. முகப்பில் துளையிட்டு ஒரு துண்டு ஈயத்தைத் தட்டி இறக்கினார். ஈட்டியைக் கட்டையோடு பிணைக்கத் தங்கூசி. முன்னும் பின்னுமாக இரண்டு சுற்று போதும். ரப்பரை இழுத்து மாட்டுவது தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான். கரையிலோ படகிலோ ஏற்றிய துப்பாக்கியை அவர் கையால் தொடமாட்டார். படகில் ஏறுமுன் ரப்பரை இறக்கியாக வேண்டும்.

அக்கம்பக்கத்து வீடுகளில் காற்று அமுக்கி எந்திரமும் நீளக் குழாயும் கிடந்தன. குழாயைக் கடித்துக்கொண்டு ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வருகிறவர்களுக்கு ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி, கைகால் விழுந்துபோவதும் உயிர் போவதும் இந்தக் கடல் பக்கம் தெரிந்த துயரம். குழாயில்லாமல் ஒரே மூச்சில் முக்குளிப்பவர்களின் கதை வேறு. இந்தோனேசியாவின் சுலாவேசியில் வாழும் பஜாவ்களின் மண்ணீரல், அண்டை சலுவான் மக்களுடையதைவிடச் சுமார் 50 சதவீதம் பெரிது என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. முக்குளிக்கும்போது மண்ணீரல் சுருங்கி, ஆக்சிஜன் நிறைந்த ரத்த அணுக்களை உடம்புக்குக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட உடம்புக்கும் மூச்சு ஓர் எல்லை வைக்கிறது. மீன் துப்பாக்கியின் நியாயமே அந்த எல்லையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதே கடலில் குண்டு வைத்து மீன் பிடிப்பதும் உண்டு. அது குஞ்சையும் பவளத்தையும் சேர்த்து அழிக்கிறது. துப்பாக்கிக்காரன் ஒரு மூச்சில் ஒரு மீனைத் தேர்ந்தெடுக்கிறான். டார்ச் வெளிச்சத்தில், தூங்கும் கிளிமீன்களைக் குத்தி அள்ளினால் அந்த நியாயமும் போய்விடும்.

இத்தனை தேர்ந்த கைவேலை தெரிந்த பஜாவ் லாவுட் மக்களில் பலருக்கு எந்த நாட்டின் அடையாளச் சீட்டும் இல்லை. 2024 ஜூனில் செம்போர்னாவுக்கு அருகிலுள்ள துன் சக்கரான் கடல் பூங்காவுக்குள் இருந்த அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன. ஏப்ரலில் செம்போர்னாவின் ரெகாத்தா லெப்பா விழாவில் அவர்களுடைய படகைக் கொண்டாடுகிற ஊர் அது. அதை நினைத்து மனம் கனத்தபடிதான் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

இளைஞன் கிளம்பும்போது முதியவர் ரப்பரைப் பற்றித்தான் மறுபடி சொன்னார். வெயிலும் உப்பும் ரப்பரைக் கொல்லும், நல்ல தண்ணீரில் கழுவினால் நாள்படும். ஆனால் குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் அது நடக்காது. ஈரத்துணியால் துடைத்து, கூரைக்குக் கீழே நிழலில் இழுவை இல்லாமல் தொங்கவிட வேண்டும். முகப்பில் கட்டுப் போட்ட இடத்தைத் தினமும் வளைத்துப் பார்த்து, மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும்.